மூச்சு ஒரு வழி, பேச்சு ஒரு வழி

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியதும் பாஞ்சாலி கையிலிருந்த கீரைக்கட்டை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடி டிவியைப் போட்டாள். யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு எதற்கு? சத்தமாக ஏதாவது ஓடினால் சரி. கரண்டு இல்லாத நாளில் வெறும் குடத்தைத் தரையில் போட்டு உருட்டியவள் அவள். பக்கத்து வீட்டு மாடிக்கு அந்தச் சத்தம் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் கவலை.

அதைச் சத்தம் என்று சொல்வதா, வேறு என்னவென்று சொல்வது? முதலில் உதட்டில் 'ப்' என்று ஒரு வெடிப்பு. அதன் பின்னாலேயே அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் நீளமாக ஓர் ஏப்பம். அந்த ஏப்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு 'பா' என்று ஓர் எழுத்து. கொஞ்சம் இடைவெளி விட்டு 'டா'. அப்புறம் 'கா'. விருந்து சாப்பிட்டவன் ஒரு ஏப்பம் விட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏப்பத்தாலேயே ஒருவர் அரிச்சுவடி படித்தால் என்ன சொல்வார்கள்? பாஞ்சாலிக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனைக்கும் அப்படிப் படித்துக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, அவள் கட்டிக்கொண்ட புருஷன் மாதேஸ்வரன்தான்.

அந்த மனிதருடைய பழைய குரலைக் கேட்டவர்களுக்குத்தான் இந்தக் கொடுமை விளங்கும். காரிமங்கலம் பக்கத்துத் தக்காளி மண்டி ஒன்றில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் அவர். மைக் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. கூடைகளுக்கு நடுவில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிப்பவன் அன்றைய விலையைத் தெரிந்துகொண்டு போவான். சும்மா சொல்லக் கூடாது, நியாயமான ஆள். வியாபாரிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு ஒருத்தன் உழைப்பை அடிமாட்டு விலைக்குக் கேட்டால், அவர் சரக்குக்காரன் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். வேண்டாமென்று அவன் தலை லேசாக ஆடினால் போதும். கூடையின் மேல் பளீரென்று ஓர் அறை அறைந்து "குடுக்கல" என்பார். அதற்கு மேல் அந்தக் கூடைக்குப் பேச்சே கிடையாது. ஓரமாக எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.

தொண்டை கம்மியபோது, கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பனங்கற்கண்டு, சித்தரத்தை, மிளகுப் பால் என்று பாஞ்சாலி கொடுக்காத வைத்தியம் இல்லை. பீடியை மட்டும் அவரும் விடவில்லை, அவளும் விடச்சொல்லி மல்லுக்கு நிற்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையில் புற்று, அதை மொத்தமாக எடுத்தால் ஆள் மிஞ்சுவார் என்றார்கள். எடுத்தார்கள். ஆள் மிஞ்சினார். கழுத்துக்கு அடியில், எலும்புகள் கூடுகிற குழிக்குப் பக்கத்தில், காசு அளவுக்கு ஓர் ஓட்டை. இனிமேல் மூச்சு வாங்குவதும் விடுவதும் அந்த வழியாகத்தான். இருமினாலும் அந்த வழியாகத்தான். மூக்கும் வாயும் முகத்தில் இருந்தன, ஆனால் நெஞ்சுக்கூட்டோடு அவற்றுக்கு இருந்த போக்குவரத்து நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சகாயமேரிதான் இதை அவர்களுக்கு விளங்கும்படி சொன்னாள். பாஞ்சாலியின் விரல்களைப் பிடித்து அவளுடைய தொண்டையிலேயே வைத்து 'ஆ' சொல்லச் சொன்னாள். விரலுக்கடியில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் அதிர்ந்தது. 'ஸ்' சொல்லச் சொன்னாள். அதிர்வே இல்லை, பல்லிடுக்கில் காற்று மட்டும் போனது. தொண்டை கொடுப்பது வெறும் ஓசையைத்தான், அதை எழுத்தாக அடித்துக் கொடுப்பது வாய் என்றாள் சகாயமேரி. உதடு ஒட்டிப் பிரிந்தால் ப. நாக்கு பல்லைத் தொட்டால் த. அதே நாக்கு மடங்கி மேலண்ணத்தில் தட்டினால் ட. நாக்கின் அடி எழும்பித் தொண்டை வாசலை அடைத்துத் திறந்தால் க. உதடு ஒட்டியபடியே இருக்க, ஓசை மூக்கு வழியாக நழுவினால் ம. இவருக்கு உதடு இருக்கிறது, நாக்கு இருக்கிறது, அண்ணம் இருக்கிறது, போனது ஓசை ஒன்றுதான், அதைச் சோறு இறங்குகிற குழாயிலிருந்து எடுத்துவிடலாம் என்றாள். வாயில் இருக்கும் காற்றை நாக்கால் அழுத்தி அந்தக் குழாய்க்குள் தள்ள வேண்டும். அது திரும்பி மேலே வரும்போது குழாய் வாசலில் இருக்கும் தசை அதிரும். அந்த அதிர்வு அடங்குவதற்குள் பேசிவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மறந்துபோன வல்லினம், மெல்லினம் எல்லாம் இப்போது வேலைக்கு வந்தன. வல்லினத்தில் ஆரம்பிக்கிற சொல் என்றால் அந்த எழுத்தை அழுத்துகிற அழுத்திலேயே காற்று உள்ளே போய்விடும், அதனால் அது கொஞ்சம் சுலபம். மெல்லினம் சிரமம். உயிரெழுத்தில் ஆரம்பிக்கிற சொல்தான் உள்ளதிலேயே பெரும்பாடு. அவருக்கு முதலில் வசப்பட்ட சொல் 'பாப்பா'. மகள் வெண்மதியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பெண்டாட்டியையோ அவர் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பார், 'இந்தா' என்பார். இரண்டும் இப்போது வாயில் நிற்கவில்லை. இந்த அம்மா பேரும் ப-வில்தானே ஆரம்பிக்கிறது, பாஞ்சாலி என்று சொல்லிப் பாருங்கள் என்று சகாயமேரி சொன்னபோது அவர் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதெல்லாம் வேண்டாம் மேடம் என்று இவளும் சிரித்து மழுப்பிவிட்டாள். அப்புறம் வீட்டில் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் கையைத் தட்டினார். கன்றுக்குட்டியை விரட்டுவதுபோல இருந்தது அவளுக்கு. அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் வெண்மதிக்கு ஏரியூர் பக்கமிருந்து சம்பந்தம் வந்தது. பையன் பேர் மாதவராஜ், ஓசூரில் கம்பெனி வேலை, பார்க்க லட்சணமான பிள்ளை. பெண் பார்க்க வந்த கூட்டத்தில் பையனுடைய அம்மா மணிமேகலைதான் பேசுகிறவள். அவள் புருஷன் மாது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவதோடு சரி. காபி தம்ளரைக் கையில் வாங்கும்போதே மணிமேகலை கேட்டுவிட்டாள், பெண்ணின் அப்பா ஏன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பு வந்த ஒரு சம்பந்தக்காரர்களிடம் உண்மையைச் சொல்லித்தான் பாஞ்சாலி சூடுபட்டிருந்தாள். புற்றா, அது பெண்ணுக்கும் வருமா என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அந்த வலி இன்னும் ஆறவில்லை. கையில் தட்டோடு நின்றவள் வாயில் அந்தக் கணத்தில் என்ன வந்ததோ அதைச் சொன்னாள்.

"மாதேஸ்வரன் மலைக்கு நேந்துகிட்டு மௌன வெரதம் இருக்காருங்க. பாப்பாவுக்குக் கல்யாணம் முடிவாவற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாரு."

கொஞ்சமும் நாக்குக் கூசவில்லை. மணிமேகலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வந்திருந்த ஆண்கள் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். இந்தக் காலத்தில் பெண்ணுக்காக இப்படி ஒரு தகப்பனா என்று அங்கேயே பேச்சாகிவிட்டது, சம்பந்தமும் அங்கேயே பாதி முடிந்துவிட்டது. மாதேஸ்வரன் திகைத்துப்போய்ப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் காலி தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வண்டி ஏறியதும் வெண்மதி பிடித்துக்கொண்டாள். அப்பாவை ஒளித்து வைத்துவிட்டு எனக்கு ஒரு கல்யாணம் வேண்டுமா என்று கேட்டாள். மூன்று முடிச்சு விழட்டும், மறுநாளே நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றாள் பாஞ்சாலி. அதற்குள் நீ அந்தப் பையனிடம் உளறினால் என்னை உயிரோடு பார்க்க மாட்டாய் என்றும் ஒரு போடு போட்டாள். வெண்மதிக்கும் மாதவராஜோடு போனில் பேச ஆரம்பித்த பிறகு அவனைப் பிடித்துத்தான் போயிற்று. பிடித்துப்போனதால் அவளுக்கும் பயம் வந்தது. பயம் வந்ததும் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு மணிமேகலை போன் போட்டாள். தட்டு மாற்றும்போது பெண்ணைப் பெற்றவர் 'குடுத்தேன்' என்று மூன்று தரம் சொல்ல வேண்டும், பையனைப் பெற்றவர் 'எடுத்தேன்' என்று மூன்று தரம் சொல்ல வேண்டும், அதுதானே வழக்கம். சம்பந்தியின் விரதமும் அன்றைக்கு முடிகிறது. அப்படியானால் அவர் வாய் திறந்து பேசுகிற முதல் வார்த்தையே 'குடுத்தேன்' என்று இருக்கட்டும், அதைவிட நல்ல சகுனம் உண்டா, அதைக் கேட்பதற்கென்றே ஏரியூரிலிருந்து உறவுமுறை அத்தனை பேரும் வேன் பிடித்து வருகிறோம் என்றாள். பாஞ்சாலி வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டாள்.

சகாயமேரியிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது அவளுக்கு விரதக் கதை பிடிக்கவில்லை, முகத்தைச் சுளித்தாள். ஆனால் வார்த்தை என்னவென்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கு, டு, தே, எல்லாம் வல்லினம், இவருக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு சொல், இதைவிட நல்லதாக நானே தேடினாலும் கிடைக்காது என்றாள். ஒவ்வோர் எழுத்தையும் தட்டித் தட்டிக் காற்றை வாங்கினால் ஒரே வீச்சில் சொல்லிவிடலாம். மாதேஸ்வரன் அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது முழுக்க உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு களையை அவள் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து கொட்டகைக்குப் பின்னால் பா, டா, காவோடு 'குடுத்தேன்' என்பதும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்குள் டிவியும் அதற்கேற்ப இன்னும் சத்தமாக ஓடியது.

ஐயோ, அந்த ஏப்பத்தை ஊர் முழுக்கக் கேட்கும்படி பந்தலில் விடுவாரா? பிள்ளைகள் சிரிப்பார்கள். மணிமேகலை மூக்கைச் சுளிப்பாள். இத்தனை நாள் காத்த மானம் ஒரே வார்த்தையில் போகும். அவள் யாருக்கும் சொல்லாமல் கொழுந்தன் தங்கராஜ் வீட்டுக்குப் போனாள். விரதத்தைத் தாலி கட்டும் வரைக்கும் நீட்டிவிட்டதாகச் சொல்லிவிடலாம், அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி நீ சொல்லிவிடு என்று கேட்டுக்கொண்டாள். அண்ணன் என்ன சொல்கிறது என்று அவன் கேட்டான். அவர்தான் சொல்லி அனுப்பினார் என்றாள். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய். மணிமேகலைக்கும் போன் செய்து பாடம் ஒப்பித்தாள். அவள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, சாமி காரியம், நாம் என்ன சொல்ல முடியும் என்று விட்டுவிட்டாள்.

தங்கராஜ் நல்லவன்தான், ஆனால் அவன் வயிற்றில் ஒன்றும் தங்காது. நேரே அண்ணனிடம் வந்து, எப்படிச் சொல்ல வேண்டும், சத்தமாகவா மெதுவாகவா என்று கேட்டுவிட்டான். மறுநாள் காலையில் கொட்டகைக்குப் பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. பாஞ்சாலி டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வரவேயில்லை. அவள் ஆசைப்பட்ட அமைதி கிடைத்துவிட்டது. கிடைத்ததும் அதை அவளால் தாங்க முடியவில்லை, சும்மாவே அழுகை வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த மாதேஸ்வரன் அவள் முன்னால் நின்று, ஓசை இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். அவளுக்கு அது புரிந்தது. வெட்கமா என்று கேட்டார்.

"பாப்பா வாழ்க்கைங்க" என்றாள் அவள், அவரைப் பார்க்காமலே.

நிச்சயத்தன்று வாசலில் ஷாமியானா போட்டு, ஜமக்காளம் விரித்து, சேர் போட்டு ஏக தடபுடல். உள் அறையில் பாஞ்சாலி புருஷனுக்குத் துண்டு கட்டினாள். மற்ற நாளில் ஓட்டைக்கு மேலே காற்றுப் போகிற மாதிரி மெல்லிய வலைத்துணிதான் தொங்கும். இன்றைக்கு அது போதாது, குனிந்தால் விலகும். புதுப் பட்டுத்துண்டை நான்காக மடித்துக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, பின்கழுத்தில் இரண்டு ஊக்குப் போட்டு இறுக்கினாள். அவர் விரலை உள்ளே விட்டுத் தளர்த்தும்படி சைகை காட்டினார். தட்டு மாற்றுகிற வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நானே அவிழ்த்துவிடுகிறேன் என்றாள். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

பந்தலில் சம்பந்திகள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். நடுவில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள் வைத்த தட்டு. மாதேஸ்வரனுக்குப் பின்னால் தங்கராஜ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றான். பக்கத்தில் பாஞ்சாலி. எதிர்ப்பக்கம் மாதுவுக்கு அருகே மாதவராஜும் மணிமேகலையும். வெண்மதியைக் கூட்டிக்கொண்டு வந்து ஜமக்காளத்தில் உட்கார வைத்தார்கள். சம்பந்தி மாலை போட்டார்கள், பூவின் கனம் துண்டை இன்னும் அழுத்தியது. சந்தனம் பூசினார்கள். அப்புறம் பன்னீர். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் இரண்டு துளி தெளித்தவருக்கு, விரதக்காரர் என்றதும் பக்தி பொங்கிவிட்டது. இவருக்குக் குறை வைக்கக் கூடாது என்று தலையிலும் மார்பிலுமாகச் செம்பைக் கவிழ்த்து உதறினார்.

மாதேஸ்வரன் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. பாஞ்சாலி திரும்பிப் பார்த்தாள். துண்டு நனைந்து அப்பளம்போல் கழுத்துக் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மூச்சை இழுக்க இழுக்க அது உள்ளே போனது. கைகளால் துண்டைப் பிடித்து இழுத்தார். மாலை தடுத்தது, ஊக்கு விடவில்லை. கத்த வேண்டிய மனிதரிடமிருந்து சத்தமே இல்லை, அதனால் நடப்பது எத்தனை பயங்கரம் என்று யாருக்கும் தெரியவில்லை.

புரை ஏறிவிட்டது என்றார் ஒருவர். யாரோ நினைக்கிறார்கள் என்று சிரித்தபடி இன்னொருவர் அவர் உச்சந்தலையில் தட்டினார். தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றினார்கள். அவர் உதறிய கைகளைப் பாசத்தோடு பிடித்துக்கொண்டார்கள். தங்கராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தான், சுற்றி நின்றவர்களைத் தாண்டி வெண்மதியால் வர முடியவில்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. கண் மட்டும் பாஞ்சாலியைத் தேடியது.

பாஞ்சாலிக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அந்தத் துண்டை எப்படிக் கழற்றுவது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கழற்றினால் எல்லாம் போச்சு என்பதும் தெரியும். ஒரு நொடிதான், ஆனால் அந்த ஒரு நொடி அவள் அசையாமல் நின்றாள். பின்னால் ஆயுசு முழுக்க அவளைக் குத்தப்போகிற நொடி அது. பிறகு பாய்ந்தாள். தலையில் தட்டியவரைத் தள்ளினாள், மாலையைப் பிய்த்தாள், பின்கழுத்தில் ஊக்கைத் திறக்கப் பொறுமையில்லாமல் துணியோடு சேர்த்து இழுத்துக் கிழித்தாள். ஊக்கு அவர் தோலைக் கீறிக்கொண்டு வந்தது. அவரை முன்னால் குனிய வைத்து, முந்தானையால் ஓட்டையைத் துடைத்தாள். கழுத்திலிருந்து பன்னீரும் சளியுமாகத் தெறித்தது. ஒரு சீழ்க்கை. இன்னொரு சீழ்க்கை. அப்புறம் மூச்சு உள்ளே போயிற்று.

பந்தல் மொத்தமும் அந்த ஓட்டையைப் பார்த்தது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தங்கராஜ் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். புற்று, ஆப்பரேஷன், விரதமே கிடையாது என்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான். வெண்மதி அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மணிமேகலை கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாமி பேரைச் சொல்லி ஏமாற்றிவிட்டீர்களே என்று ஒரு வார்த்தை சொன்னாள், அதில் நியாயம் இருந்தது, பாஞ்சாலி தலைகுனிந்தாள். அப்புறம் மணிமேகலை புருஷனையும் உறவுக்காரர்களையும் ஒரு பக்கமாக அழைத்துப்போய்ப் பேசிவிட்டு வந்தாள். பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள்.

"பொண்ணு தங்கமான பொண்ணு, அத வுட எங்களுக்கு மனசில்ல. ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்தன்னைக்கு அவரு மேடைக்கு வர வேணாமுங்க. நாலு பேரு பாக்கற எடம். ஒங்க கொழுந்தனாரும் அவரு சம்சாரமும் ஒக்காந்து தாரை வாத்துக் குடுக்கட்டும். இப்பவும் கொழுந்தனாரே சொல்லட்டும், தட்ட மாத்திக்கலாம்."

பாஞ்சாலிக்குச் சுருக்கென்றது. இதில் ஒரு வார்த்தையாவது புதிதா? கொழுந்தன் சொல்லட்டும், அவர் பேச வேண்டாம், நாலு பேர் பார்ப்பார்கள். எல்லாம் அவள் சொன்னது, அவள் செய்தது. தன் வாயில் இருந்தவரை அதற்கு மகள் வாழ்க்கை என்று பேர் இருந்தது. அடுத்தவள் வாயில் கேட்கும்போதுதான் அது என்னவென்று தெரிந்தது. அவள் மணிமேகலையின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள்.

மாதேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் இருந்த ஈரத்தை வழித்து விட்டார். கழுத்தை மறைக்கவில்லை. முழங்காலடியில் இருந்த மகளைப் பார்த்து உதட்டை ஒட்டினார்.

"பாப்பா."

ஏப்பம்தான். கரகரவென்று, தாழ்ந்து, நடுவில் அறுந்த ஏப்பம். ஆனால் எழுத்து சுத்தமாக விழுந்தது. ஓரிரண்டு பேர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் கவனிக்கவில்லை. நாக்கின் அடியை எழுப்பி, காற்றை வாங்கி, ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"குடு… க்கட்டா?"

இத்தனை நாளில் இதை யாரும் வெண்மதியிடம் கேட்டிருக்கவில்லை. அவள் எதிர்ப்பக்கம் மாதவராஜைப் பார்த்தாள். எத்தனையோ நேரம் போனில் பேசிச் சிரித்தவன். இப்போது ஜமக்காளத்தின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிர்வதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தாள். அவன் அம்மாவை ஒருமுறை பார்த்தான், மறுபடியும் குனிந்துகொண்டான்.

"வேணாம்ப்பா" என்றாள் வெண்மதி. சொல்லும்போதே குரல் உடைந்து, கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. தலையையும் ஆட்டினாள்.

மண்டியில் சரக்குக்காரன் தலையாட்டுவதற்குக் காத்திருப்பவர்போல அவர் அதைப் பார்த்துக்கொண்டார். கையை ஓங்கினார். தட்டின் மேல் பளீரென்று ஓர் அறை விழுந்தது. பாக்குச் சிதறியது, தேங்காய் உருண்டு ஓடியது.

"குடுக்கல."

இந்த முறை அவசரத்தில் காற்றுப் பாதியில் தீர்ந்துவிட்டது. பழகாத காதுக்கு அது வெறும் உறுமல்தான். மாது திருதிருவென்று விழித்தார். என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. தங்கராஜ் பின்னாலிருந்து வாயைத் திறந்தான். மாதேஸ்வரன் திரும்பாமலே கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். பிறகு பெண்டாட்டி நின்ற பக்கம் பார்த்தார். கையைத் தட்டவில்லை.

"பா… ஞ்சா… லி."

நடுவில் இருந்த மெல்லினம் சரியாக வரவில்லை, மூக்கில் ஏறாமல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அது போதும். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அவள் கேட்காத பேர், இத்தனை பேர் நடுவில். பாஞ்சாலி கிழிந்த பட்டுத்துண்டைக் கீழே போட்டாள். ஊக்கு குத்தி அவள் விரலிலும் ரத்தம் வந்திருந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"குடுக்கலங்கறாருங்க" என்றாள் மாதுவைப் பார்த்து. பக்கத்து வீட்டு மாடி வரைக்கும் கேட்கும்படியாகவே இன்னொரு தரமும் சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு குடுக்கலங்கறாரு."